பேச்சியம்மாள் மேல் போகும் லைன்

கம்பியும் கோபுரமும் போதாமல், இணையத்தை மனித உடம்புகள் வழியாகவே ஓடவிட்டார்கள். சும்மா கிடக்கிற உடம்புதானே என்றார்கள். அந்தத் தெருவுக்கு வாய்த்த உடம்பு, தளவாயின் மனைவி பேச்சியம்மாளுடையது. அவள் கையில், தோலுக்கடியில் ஒரு சில்லை வைத்துத் தைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தளவாய் அவளை ஆட்டோவில் ஏற்றப் போகையில் எதிர்வீட்டு ஜெபமணி குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, எம்மவள வீட்டுக்குள்ளயே வயித்தக் கீறிப் போட்டுருக்காவ. டாக்டரு மெட்ராசுல இருந்து மிஷின் வழியா ஆபரேசன் பண்ணுதாரு. மதினி தெருவத் தாண்டினா லைன் அறுந்துரும்."

"எம்பொண்டாட்டி சாவக் கெடக்காடே. வெலகு."

"அரை மணி நேரம் அண்ணாச்சி. ஒங்க கால்ல விழுதேன்."

வாசல்தோறும் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாம் தளவாயோடு தினமும் டீ குடிக்கிற முகங்கள்தான். ஒருவன் ஆட்டோச் சாவியை உருவி எடுத்துக்கொண்டான்.

"எனக்குப் பயமாருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றாள் பேச்சியம்மாள்.

அதற்குள் கட்டில் வந்துவிட்டது. பெற்ற தாயைப்போல அவளைப் பதமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். ஒருத்தி விசிறினாள். ஜெபமணி அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். பிடியை மட்டும் விடவில்லை.