வெள்ளிக்கிழமை லாரி

"யோவ், வாயும் வயிறுமா இருக்கற மருமகள மாடிப்படியில தள்ளிவுட்டுட்டு, இங்க குந்திகினு போண்டா துன்றியா?"

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஜெபராஜ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதுகில் செருப்படி விழுந்தது. அடித்தவளை அவர் முன்பின் பார்த்ததில்லை.

"அம்மா, அது சீரியலும்மா. நான் வெறும் நடிகன்."

"நடிகனுக்கு அவ்ளோ கொடூரமா சிரிக்க வருமா?" இன்னொரு அடி.

டீக்கடைக்காரர் ஓடி வந்து விலக்கினார். "வுடும்மா, வயசான மனுஷன்." அவள் போனதும் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் சார், நீங்க தள்ளினது தப்புதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். மனைவி ஜெயபுஷ்பம் முதுகில் தேங்காயெண்ணெய் தடவினாள். ஷூ கம்பெனித் தையல் மிஷினில் பதினாறு வருஷம் உழைத்த கை, காய்ப்பு உறுத்தியது.

"இந்த மாசத்துல இது நாலாவது, புஷ்பம். ஒடுகத்தூர் பஸ்ல ஒருத்தி மூஞ்சிலயே துப்பினா. சர்ச்சுல பக்கத்துல எவனும் உக்கார மாட்டேன்றான். பேஜாரா கீது. பேசாம பழையபடி தோல் டேனரிக்கே போய்டறேன்."

"போயேன். சுண்ணாம்புத் தொட்டியில கால் ரெண்டும் வெந்து கத்தினியே, மறந்துபோச்சா?"

"அங்க யாரும் செருப்பால அடிக்கல."

"மேஸ்திரி கட்டையால அடிச்சான்."

ஜெபராஜ் கழற்றிய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானா போகாட்டியும் அவங்களே அனுப்பிடுவாங்க. மாமனார் வேஷம் எடுபடலையாம். வெள்ளிக்கிழமை லாரி ஏத்தி என்னைச் சாவடிக்கறாங்க. அம்பத்து மூணு வயசுல எனக்கு வேற வேஷம் எவன் குடுப்பான்? திரும்பவும் அந்தத் தொட்டிதான்."

"எடுபடலையா? முதுகு பூரா எடுபட்டு இருக்குதேய்யா!"

போன் அடித்தது. டைரக்டர்.

"ஜெபராஜ் அண்ணே! உங்கள பஸ் ஸ்டாண்டுல வெச்சு அடிச்சாங்களாமே?"

"அதுக்குள்ள உங்களுக்கு எப்படி சார்..."

"ஒரு லேடி எஸ்.டி.டி. போட்டு ஒரே அழுகை. உங்களத் தூக்குல போடணுமாம். ஒரு மாசமா ஆம்பூர்ல இருந்து லெட்டர் மூட்டை மூட்டையா வருது. ஜனங்க இவ்ளோ வெறுக்கற ஆளக் கொல்ல நான் என்ன பைத்தியமா? இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க சாகவே முடியாது."

"அப்போ அந்த லாரி?"

"லாரிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, கேன்சல் பண்ண முடியாது. மருமக மேல ஏத்திக்கறோம். வெள்ளிக்கிழமை அத ஓட்டப்போறது நீங்க. அது முடிஞ்சு அடுத்த வாரம் வாலாஜாபேட்டையில அவுட்டோர், வந்துடுங்க."

ரிசீவரை வைத்த ஜெபராஜ் அப்படியே முழங்காலில் விழுந்தார். "ஆண்டவரே, ஸ்தோத்திரம். என்னை அடிச்ச அந்தப் பொம்பளைய மன்னிச்சிடும். அவ புள்ளகுட்டி நல்லா இருக்கணும்." எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே குளிக்கப் போனார்.

பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஜெயபுஷ்பம் திறந்தாள். பஸ் ஸ்டாண்டில் அடித்தவள் நின்றிருந்தாள்.

"அக்கா, ரெண்டாவது அடி கொஞ்சம் ஜாஸ்தியாய்டுச்சா?"

"அதெல்லாம் கரெக்டா இருந்துச்சு வஹீதா" என்றாள் ஜெயபுஷ்பம். "அடுத்த வாரம் அவருக்கு வாலாஜாபேட்டையில ஷூட்டிங், அங்கேர்ந்து நம்ம கம்பெனிக்கு வேன்ல வர்ற பொண்ணுங்க எத்தினி பேருடி?"