பிராந்திக்காக ஒரு மூச்சு

திண்டிவனம் டாக்டர் நடராசனின் எதிரில் உட்கார்ந்து துரைக்கண்ணு மூச்சு இழுத்த இழுப்பில், வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள்.

பாவமாவது ஒன்றாவது! அத்தனையும் நடிப்பு. மதராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பிராந்திக்குப் பர்மிட். அதற்குத்தான் கிளியனூர் மிராசுதாரரான அவர் இத்தனை பாடுபட்டார்.

முன்பெல்லாம் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். போன மாசம் திரும்பும்போது போலீஸ்காரன் பஸ்ஸை மறித்து, "ஊதுய்யா" என்று மூக்கை நீட்டினான். கெஞ்சிக் கூத்தாடித் தப்பித்தார். இன்னொரு தரம் மாட்டினால் ஜெயில்தான், மானம் கப்பலேறிவிடும்.

இழுப்புக்கு வாத்தியார், அவருடைய பண்ணையாள் பூமாலை. அவன் நிஜ ஆஸ்துமாக்காரன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கினால் "டபாய்க்கிறியாடா?" என்று ஏசிய அதே மனுஷன், ஒரு வாரமாக அவனை எதிரில் நிறுத்தி, இழுக்கச் சொல்லிப் பார்த்துப் படித்தார். வெட்கம் கிடையாது பாருங்கள்!

சும்மா சொல்லக்கூடாது, வித்தை சீக்கிரமே கைவந்துவிட்டது. இன்று டாக்டர் வீட்டு மாடிப்படி ஏறும்போது, எந்தப் படியில் ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பதற்குள் இழுப்பு தானாகவே வந்துவிட்டது. 'பலே துரைக்கண்ணு!' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

"ராவெல்லாம் தூக்கமில்லீங்க டாக்டரய்யா. குந்திக்கினே கெடக்கறேன். ரெண்டு முழுங்கு பிராந்தி உள்ள போனாத்தான் நெஞ்சு லேசாவுது."

டாக்டர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, அவர் முகத்துக்கு அரையடி தள்ளிப் பிடித்தார்.

"வாயை நல்லா அகலமாத் தொறங்க. ஒதட்டைக் குவிக்காம ஊதுங்க. அணையுதா பாப்போம்."

இது பூமாலை சொல்லிக் கொடுக்காத பாடம். ஆனாலும் துரைக்கண்ணு அசரவில்லை. கஞ்சி ஆற்றுவதுபோல் லேசாக ஊதினார். சுடர் அசையக்கூட இல்லை.

"முடியலீங்களே!" என்று கண்ணைச் செருகினார். பர்மிட் கிடைத்த கையோடு கீழே போய் ஒரு சுருட்டுப் பற்றவைக்க வேண்டும் என்று மனசு துடித்தது.

டாக்டர் இன்னொரு குச்சி கிழித்தார். வாயைப் பிளந்து தானே ஊதினார். பட்டென்று அணைந்தது.

"உங்க வயசுதான் எனக்கும். இந்த நாடகத்த எத்தினி பேரு போட்டுப் பாத்தாச்சு! எல்லாம் பர்மிட் கேஸு. எழுந்திருங்க மிராசுதாரரே."

துரைக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரிய மனசு பண்ணுங்கய்யா. மறுபடி போலீஸ்ல மாட்டிக்கினா ஊர்ல தல காட்ட முடியாது. பேஜாராப் பூடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "சரி. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. நடிப்ப வுட்டுட்டு, நெசமா ஊதி இத அணைச்சிடுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அட, இவ்வளவுதானா! இதற்கா ஒரு வாரம் அந்தப் பயலைக் கட்டிக்கொண்டு அழுதோம் என்று துரைக்கண்ணுவுக்கு எரிச்சலாக வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்து, வாயைப் பிளந்து ஊதினார்.

சுடர் லேசாகச் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து எரிந்தது.

"போதும்யா உங்க நடிப்பு!" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த குச்சியைக் கிழித்தார்.

துரைக்கண்ணு மேஜையைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. குச்சி எரிந்து எரிந்து, விரல் சுட்டு, டாக்டர் அதைக் கீழே போட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

துரைக்கண்ணு அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நெசமாத்தாங்க ஊதறேன்!"