நூறு விழுக்காடு

ஐஸ்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு என் கைப்பேசியைச் சார்ஜில் போட்டவன் நான்தான். காஹாங் செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். மூன்று மணி நேரத்தில் கைப்பேசி நூறு விழுக்காடு நிறைந்து பளபளக்கிறது. இங்கே லைனே கிடைக்காது என்பது வேன் ஓட்டி வந்த இந்த மேதைக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஐஸ்பெட்டிக்குள் இருப்பது குழந்தைகளின் தடுப்பூசி மருந்து. ஊசி போட வந்திருக்கும் நர்ஸ் மிஸ்ஸி லோஷினி அதிலிருந்த வெப்பமானியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்குகிறார். எட்டு டிகிரியைத் தாண்டியிருந்தால் மருந்து குப்பைக்குத்தான். வெயிலில் கூரைத் தகரம் டப்பென்று நெளிகிறது. பெஞ்சில் ஆறு தாய்மார்கள். பக்கத்து டிவிஷனில் கக்குவான் இருமல் என்று கேள்விப்பட்டதிலிருந்து சாந்தினி தன் மகளை மடியைவிட்டு இறக்குவதில்லை. அந்தப் பிஞ்சு அம்மாவின் துப்பட்டா முனையைச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. "என்னாலயா மிஸ்ஸி?" என்கிறேன். "சேச்சே, அது பழைய ஐஸ்பெட்டி லா, அண்ணே," என்று சாந்தினி முந்திக்கொள்கிறாள். மறுபடியும் கேட்கிறேன். லோஷினி வெப்பமானியை மேசைமேல் வைக்கிறார். "ஆமாண்ணே, உங்களாலதான். பதிமூணு காட்டுது. இன்னிக்கு யாருக்கும் ஊசி இல்ல."