இன்னைக்கு என்ன வம்பு?

போன் அடித்ததும் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஓடினாள். எத்தனையோ நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து நம்பர்!

“சொல்லுங்க சார். இன்னைக்கு என்ன வம்பு பண்ணினா?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் வகுப்பாசிரியர். “இப்பெல்லாம் உங்க பொண்ணு மேல ஒரு புகார்கூட வர்றதில்ல.”

“அவளா? நல்லாப் பாருங்க சார். ஜன்னல் கண்ணாடியை உடைச்சவளாச்சே!”

“அது பழைய கதை. திட்டியும் பார்த்தோம், வெளியே நிக்க வெச்சும் பார்த்தோம், எதுவும் எடுபடல. அன்னைக்கு நீங்க, ‘சாப்பிட்டாளா சார்?’னு கேட்டீங்களே, அதை அவகிட்டச் சொன்னேன். ‘எங்கம்மாவா கேட்டாங்க?’ன்னு நம்பாமத் திருப்பித் திருப்பிக் கேட்டா. அதோட பெட்டிப் பாம்பா அடங்கிட்டா. இனிமே உங்களுக்கு என் தொந்தரவு இருக்காது.”

“தொந்தரவெல்லாம் இல்ல சார். சும்மாவாச்சும்…”

அவர் வைத்துவிட்டார்.

தையல்காரம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. புகார் வீட்டுக்குப் போகக்கூடாதென்று வாய்க்கு வந்த நம்பரைப் பள்ளியில் கொடுத்திருக்கிறாள், கள்ளி. முதல் போன் வந்த அன்றே தையல்காரம்மா ‘ராங் நம்பர்’ என்று சொல்ல வாயெடுத்தாள்தான். அதற்குள் அவர், “அம்மாதானே பேசறது?” என்று கேட்டுவிட்டார்.

ஐம்பது வயதில் முதல்தடவையாக ஒருவர் அப்படிக் கேட்டதும், அவளையறியாமல் “ஆமாம் சார்” என்று வந்துவிட்டது.