பச்சையம்மா பார்த்தது

“சைக்கிள்ல ஏறினியாடே?”

“ஏறினேன், அண்ணாச்சி.”

தவசிமுத்து அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாகப் பந்தய நடுவராக உட்காருகிறவர். ஏறவில்லை என்று சத்தியம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார். ஏறினேன் என்று சொன்னவனை இப்போதுதான் பார்க்கிறார்.

எண்ணூர் ஸ்டேஷனில் தொடங்கி ராயபுரத்தில் முடிகிற எட்டு மைல் ஓட்டம். ஓடுகிறவனோடு ஒரு சிநேகிதன் சைக்கிளில் வரலாம். தண்ணீர் கொடுக்கலாம். உற்சாகமாக நாலு வசவும் கொடுக்கலாம். ஆனால் கேரியரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஐம்பத்தொண்ணாம் வருஷம் முதலாவதாக வந்தவன் பாதத்தில் தூசியே இல்லை. அதனால் வந்த சட்டம்.

குணசேகரன் ஏறியது கேரியரில் அல்ல, முன்பாரில்.

அவன் மூன்றாவதாக வந்திருந்தான். முதல் மூன்று பேருக்கு மில்லில் நிரந்தர வேலை. நாலு வருஷமாக அவன் அங்கே பதிலி ஆள். யாராவது வராத நாளில் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பெயர்ப் பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் மில்லுக்குப் போயாக வேண்டும்.

நாலாவதாக வந்தவன் ரகுபதி. அவனும் பதிலிதான். ஆறு மாதமாக இரண்டு பேரும் விடியற்காலையில் காசிமேட்டு மணலில் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள். புகார் கொடுத்தவர் ரகுபதியின் தாய்மாமன் வேம்பு மேஸ்திரி.

“அவனே ஒத்துக்கினான். இன்னும் இன்னா விசாரணை? பேரை அடிங்க, அண்ணாச்சி. மூணாவது என் அக்கா புள்ள.”

சாட்சியையும் மேஸ்திரியே கொண்டுவந்திருந்தார். தண்டையார்பேட்டையில் ரோட்டோரம் ஆப்பம் சுடுகிற பச்சையம்மா. ‘ஒருத்தன் சைக்கிள் பாருல குந்திகினு போறான்’ என்று அவள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததும், அடுப்பைக்கூட அணைக்கவிடாமல் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

“இவன்தானேம்மா?”

“இவருதான்.”

“கேப்மாரி!” என்றது கூட்டம்.

குணசேகரனோடு சைக்கிளில் வந்த ரோஷனுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, விசயம் இன்னான்னா...”

“ரோஷன், கம்முனு இரு.”

“வேலை போவுதுடா, தோஸ்து!”

“போவட்டும். சொல்ல வேண்டியவன் சொல்லட்டும்.”

வேம்பு மேஸ்திரி பக்கத்தில் நின்ற ரகுபதியின் தோளைத் தட்டினார்.

அண்ணாச்சி பென்சிலை எடுத்தார். வைத்தார். வெல்ல மண்டிக்காரர். எடை குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் சந்தேகப்படுகிறவர். திருவொற்றியூர் தேரடியில் நிறுத்தியிருந்த ஆள் எழுதி அனுப்பிய சீட்டு முன்னால் கிடந்தது. தேரடியை முதலாவதாகத் தாண்டியவன் குணசேகரன். அடுத்தவன் இரண்டு ஃபர்லாங் பின்னால்.

“ஏண்டே, ஓடி வரும்போது முதலாவது. சைக்கிள்ல ஏறினப்புறம் மூணாவது. ஏறினவன் முந்தணும்லா? நீ எப்படிடே பிந்தினே?”

“டயரு அப்படி, அண்ணாச்சி.”

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. பச்சையம்மா பக்கம் திரும்பினார்.

“வண்டி எந்தப் பக்கமா போச்சும்மா?”

“எண்ணூர் பக்கமா.”

“ராயபுரம் பக்கமா?”

“எண்ணூர் பக்கமான்னு சொல்றேன். என் கண்ணு நல்லாத்தான் கீது, நைனா. ஓடியாற ஆளுங்களுக்கு எதிர்ப்பக்கமா வடக்க போச்சு.”

அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார்.

“எதுக்கு அந்தப் பக்கம் போனான்?”

“பின்னால ஒரு புள்ள கால் இழுத்துக்கினு வுயுந்துட்டான். என் கடைக்கு அந்தாண்ட, கூப்புடு தூரம். அவன்கூட வந்த சைக்கிளு பஞ்சராயி எங்கியோ நின்னுபோச்சாம். பின்னால வந்த இந்த சைக்கிள்காரரு அதைப் பாத்துட்டு இவருகிட்ட வந்து கூவினாரு. உடனே இவரு பாருல தாவி ஏறினாரு. ரெண்டு பேருமா போயி, வுயுந்தவனைத் தூக்கி, காலை நீவி, தண்ணி குடுத்து நிக்க வச்சாங்க. அதுக்குள்ள நாலஞ்சு பேரு தாண்டிப் பூட்டாங்க. அப்பால இவரு அங்கேருந்தே ஓடியாந்தாரு. வண்டி காலியாத்தான் வந்துச்சு.”

எட்டு மைல் பந்தயத்தில் குணசேகரன் எட்டு மைலுக்கு மேல் ஓடியிருக்கிறான் என்பது அண்ணாச்சிக்கு மெல்ல விளங்கியது.

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

“யாரு கேட்டீங்க? ஏறினானா, ஏறினானான்னுதான் ஆளாளுக்குக் கேட்டீங்க.”

வேம்பு மேஸ்திரி பாய்ந்து முன்னால் வந்தார்.

“கதை வுடாத! வுயுந்தவன்னு ஒருத்தன் இருந்தா அவன் எங்க? இவ்ளோ பேஜாரு நடக்குது, மனுசனா இருந்தா வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்?”

பச்சையம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நானும் வந்ததுலேருந்து அதைத்தான் பாத்துகினு கீறேன், மேஸ்திரி. உன் பக்கத்துல நிக்கிறானே உன் அக்கா புள்ள, எப்போ வாயைத் தொறக்கப் போறான்னு.”