மேசைக்குக் கீழே

"தலைக்கு மேல பதினாறு துவக்கை வைச்சுக்கொண்டு ஒரு மனிசன் படுத்திருக்கேக்க, எனக்கு எப்பிடி நித்திரை வரும்?"

காரில் ஏறியதிலிருந்து அக்னெஸ் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நூறு வருசத்துப் பழசு. ஒண்டும் வெடிக்காது," என்றான் கிறகரி.

"வெடிக்காத சாமானை ஏன் அந்த மனிசன் நாள் முழுக்கத் துடைக்கிறார்?"

கணவன் காரின் வேகத்தைக் கூட்டினான். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம். மேல்வீட்டு லூசியன் பழைய படைத் துவக்குகளைச் சேர்ப்பவர் என்பது அக்னெஸுக்குத் தெரியவந்து இரண்டு கிழமை. அன்றிலிருந்து மேலே பலகை கிரீச்சிட்டாலும் அவள் கட்டிலில் எழும்பி இருந்தாள்.

"இண்டைக்கு அவற்ற கண்காட்சியை ஒருக்கா வந்து பாரும். பேந்தும் பயமெண்டால் வீடு மாறுவம்," என்று கிறகரி சொல்லியிருந்தான். அக்னெஸ் சரி என்றாள். மாறுவது என்று அவள் ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்று.

லவாலில் கண்காட்சி மண்டபத்து வாசலில் ஒருவர், உள்ளே போகிற ஒவ்வொரு துவக்கின் பொறிக்குள்ளும் ஒரு பிளாஸ்ரிக் நாடாவைக் கோத்து இறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் தப்பித்தவறி இயக்கிவிடக் கூடாதாம். அந்த நாடாவை நம்பி அக்னெஸ் ஒரு அரிசிப் பையைக்கூடக் கட்டமாட்டாள்.

உள்ளே மேசை மேசையாகத் துவக்குகள். மனிதர்கள் அவற்றைக் குழந்தைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, தடவி, இலக்கம் பார்த்து, சிரித்துக் கதைத்தார்கள். எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. ஊரில் ஆமிக்காரரின் செக்பொயின்றில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அடித்த அதே மணம். அக்னெஸ் வாய்க்குள் அருள்நிறை மரியே செபம் சொல்லத் தொடங்கினாள்.

"பொன்ஜூர், மதாம்!" லூசியன் தன் மேசைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு கதிரை போட்டார். அகன்ற தோள், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அவள் கதிரை நுனியில் உட்கார்ந்தாள்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் வந்து ஒரு துவக்கைத் தூக்கிக் குறிபார்த்தான். குழல் அக்னெஸின் முகத்தைக் கடந்து போனது. அவள் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"குழல் எப்போதும் நிலத்தைப் பார்க்க வேண்டும்!" லூசியன் அதைப் பறிக்காத குறையாக வாங்கி வைத்தார்.

"வெறும் இரும்புதானே, லூசியன்," என்று தொப்பிக்காரன் சிரித்தான்.

"நான் கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்," என்று கிறகரி புறப்பட்டான்.

"இஞ்சேருங்கோ, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ!"

"ரெண்டே நிமிசம்."

அந்த இரண்டாவது நிமிடத்தில்தான் அது நடந்தது.

படீர்!

என்ன நடந்தது என்று அக்னெஸுக்குத் தெரியாது. தெரிந்தபோது, மேசைக்குக் கீழே சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தாள். விரல் இரண்டும் காதுக்குள். வாய் ஆவென்று திறந்திருந்தது.

மன்னாரில் பத்து வயதில் சிஸ்ரர் றெஜினா வகுப்பில் பழக்கியது. 'குண்டு விழுந்தால் குப்புறப் படுங்கோ. காதைப் பொத்துங்கோ. வாயைத் திறங்கோ, இல்லாட்டில் காதுச் சவ்வு கிழிஞ்சிடும்.' முப்பத்தைந்து வருடமாகியும் உடம்பு மறக்கவில்லை.

மேலே யாரோ சிரித்தார்கள். "ஒன்றுமில்லை! அடுக்கி வைத்த இரும்புக் கதிரைகள் சரிந்துவிட்டன!"

மானம் போய்விட்டது. இனி எந்த முகத்தோடு எழும்புவது? மெல்லத் தலையைத் திருப்பினாள்.

பக்கத்தில் லூசியன். குப்புற. விரல்கள் காதுக்குள். வாய் ஆவென்று திறந்திருந்தது.

மண்டபத்தில் முந்நூறு பேராவது இருப்பார்கள். துவக்கை ஆசையாகத் தடவத் தெரிந்த அத்தனை பேரும் சத்தம் வந்த பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"சரயேவோ," என்றார் அவர், மூச்சு வாங்க. "தொண்ணூற்றிரண்டு. அமைதிப்படையில்."

"மன்னார்," என்றாள் அவள். "தொண்ணூறு."

அவருடைய கை உதறிக்கொண்டிருந்தது. "இந்தப் பழசுகள் வெடிக்காது, மதாம். அது நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் வைத்திருக்கிறேன்."

வீடு மாறுகிற கதை அந்தத் தரையிலேயே முடிந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டு சப்பாத்துகள் மேசையருகே வந்து நின்றன. சிவப்புத் தொப்பி குனிந்தது.

"லூசியன்! ஒரு கதிரை விழுந்ததற்கா? பட்டாளத்துக்காரன் மேசைக்குக் கீழேயா?"

அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். லூசியனின் முகம் சிவந்தது. மேசைக் காலைப் பிடித்தார், எழும்ப முடியவில்லை.

அக்னெஸ் கூந்தலை ஒதுக்கினாள், காதைத் தடவினாள். பிறகு ஊர்ந்து வெளியே வந்து நிமிர்ந்து நின்றாள்.

"என்ர தோட்டுச் சுரை விழுந்திட்டுது." தோட்டுக்குப் பின்னால் திருகும் சுரைக்குப் பிரெஞ்சில் சொல் தெரியாமல் காதைப் பிடித்துக் காட்டினாள். "முசியே எனக்காகத் தேடுறார். நீங்கள் நிண்டு சிரிக்கிறியள்."

சிரிப்பு நின்றது. "பர்தோன், மதாம்." தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் முழங்காலில் இறங்கினான். சிரித்த மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

கோப்பியோடு வந்த கிறகரி பதறிப்போனான். "கலியாணத் தோடெல்லோ, அக்னெஸ்!" அவனும் குனிந்தான்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கோ," என்று சொல்லிச் சொல்லி அக்னெஸ் ஒருவரையும் எழும்ப விடவில்லை. லூசியனின் நடுக்கம் அடங்கும்வரை, சுரையைப் பொத்தி வைத்திருந்த தன் கையை அவள் திறக்கவுமில்லை.