ஆட்சேபணை இல்லை

"உங்க வீட்டுக்காரர் ஃபெர்கல் வரலையாம்மா? பெல்ஃபாஸ்ட் கோர்ட்டுல ஒரு வாய்தாகூட விட மாட்டாரே!" என்றாள் வக்கீல் ஓர்லா.

டிம்ப்னா பையிலிருந்து ஓர் அட்டையை எடுப்பதற்குள் நீதிபதி வந்துவிட்டார்.

அவள் தம்பியைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்த உளவாளியின் பெயர் அரசின் ரகசியக் கோப்பில் இருந்தது. சொன்னால் அவன் உயிருக்கு ஆபத்தென்று, மரண விசாரணையில் பதினொரு வருடமாக அரசு மறுத்து வந்தது.

இன்று அரசு வக்கீல் எழுந்தார். "கோப்பைக் கொடுக்க இனி ஆட்சேபணை இல்லைங்க. அந்த ஆள் மார்ச் ஒன்பதாம் தேதி இறந்துட்டார்."

"ஜெயிச்சுட்டோம்மா! முதல்ல வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க!"

ஓர்லாவிடம் கொடுக்க எடுத்த நினைவு அட்டை டிம்ப்னாவின் கையில் கசங்கியது. அதில் ஃபெர்கல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, மறைவு: மார்ச் ஒன்பது.